நின்றால் வேலை போகும்

(பல்கலைக்கழக ஊழியர்களும் மாணவர்களும் கூடிய ஓர் அரங்கக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிஞர்னு சொல்லி என்னை மேடைக்குக் கூப்பிட்டீங்க. நான் பேங்க் கிளார்க். காலையில பத்து மணிக்குக் கவுண்டர்ல உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் கையெழுத்தைச் சரிபார்க்கிறவன். பல்கலைக்கழக ஊழியர்கள் தேர்தலில் நிற்பது, பதவி வகிப்பது பற்றிப் பேசச் சொன்னதும் முதல்ல மறுத்துட்டேன். பிறகு வீட்டில் ஒரு தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. அதில் ஒரு மெமோ இருக்கு. 1996இல் எங்கப்பாவுக்கு ஒரு பல்கலைக்கழகம் கொடுத்த மெமோ. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். பேச எனக்கு இருக்கிற தகுதி அந்தக் காகிதம்தான்.

அப்பா அங்கே அட்டெண்டர். பதினோரு வருஷம் என்.எம்.ஆர்.ல கூலியாகக் கிடந்து, பிறகு நிரந்தரமானவர். எங்க காலனியிலேயே மாசச் சம்பளம் வாங்கின ஒரே ஆள். ஆகவே பத்தாவது ஃபெயில் ஆன பையன் முதல் முதியோர் பென்ஷன் கிடைக்காத கிழவி வரை எல்லாரும் எங்க வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவாங்க. மனு எழுதுறது, பாரம் நிரப்புறது எல்லாம் அப்பா.

1992இல் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. அதையொட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதன்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில். எங்க ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஊர்த்தெருவில் சத்தமே இல்லை. காலனியில் மாரியம்மன் கோயில் திடலில் கூடினாங்க. யார் நிற்கிறது? எல்லாரும் அப்பாவைத்தான் பார்த்தாங்க. 'நீதாம்பா நிக்கணும், உனக்குத்தான் எழுத்து தெரியும், நீ அவங்க களத்துமேட்டுல போயி நிக்க வேண்டியதில்ல' என்று பெரியவர் ஒருத்தர் சொன்னாராம். எனக்கு அப்ப ஒன்பது வயசு. கூட்டத்தில் அப்பா தோள்மேல உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம்.

அந்தப் பெரியவர் சொன்ன கடைசி வார்த்தையைக் கவனிங்க. படிப்பைவிட முக்கியமான தகுதியாக அவர் சொன்னது, அவங்ககிட்டக் கூலிக்குப் போக வேண்டியதில்லை என்பதை.

அப்பா ஒழுங்கானவர். பதிவாளருக்கு முறைப்படி மனு எழுதி அனுமதி கேட்டார். நாலாம் நாள் மெமோ வந்தது. பணியில் இருந்துகொண்டு தேர்தலில் போட்டியிட எண்ணியதற்கு உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு. போட்டியிட்டதற்கு இல்ல தோழர்களே, எண்ணியதற்கு. சூப்பிரண்டு கூப்பிட்டு, 'நிக்கிறதுன்னா எழுதிக் குடுத்துட்டுப் போய்யா, எத்தனையோ பேரு இந்த வேலைக்குக் காத்துக்கிட்டு இருக்கான்' என்றாராம்.

அதே பல்கலைக்கழகத்தில், அதே துறையில், ஒரு பேராசிரியர் ஒரு கட்சியில் மாவட்டப் பொறுப்பில் இருந்தார். மேடை போட்டுப் பேசினார். நோட்டீசில் பெயருக்குப் பின்னால் பட்டங்களும் பல்கலைக்கழகத்தின் பெயரும் போட்டுக்கொண்டார். அவருக்கு மெமோ வரவில்லை. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தது அப்பா. பேராசிரியர் பேசினால் அது கருத்து, அட்டெண்டர் நின்றால் அது அரசியல். இதுதான் அன்றைக்கு அந்த வளாகத்தின் எழுதாத விதி.

அப்பா நிற்கவில்லை. எனக்குச் சித்தப்பா முறை வேணும் ஒருத்தர் நின்றார். ஊர்த்தெருப் பெரிய வீட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். அந்தப் பெரிய வீட்டுக்காரர்தான் துணைத்தலைவராக வந்தார். தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவருக்கு அந்த வீட்டில்தான் கூலி. செக் புத்தகம் எந்த வீட்டில் இருந்திருக்கும்னு நான் சொல்லத் தேவையில்லை. ஐந்து வருஷமும் சித்தப்பா அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். காலனிக்குத் தண்ணீர் டேங்க் வரவில்லை.

இது சித்தப்பாவின் கோழைத்தனம் இல்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் – இந்த நான்கு ஊராட்சிகளிலும் 1996இலிருந்து 2006 வரை பத்து ஆண்டுகள் நம்மில் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மனுவே போட விடவில்லை. போட்டு வென்றவர்களையும் வென்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். எப்படி முடிந்தது? வயலும் கூலியும் கடனும் அவர்கள் கையில் இருந்ததால் முடிந்தது. அதற்கும் பணியாதவர்களுக்கு என்ன ஆச்சு? மேலவளவு முருகேசன் தலைவரானார். 30 ஜூன் 1997இல் பேருந்தை மறித்து அவரை வெட்டிக் கொன்றார்கள். அவரோடு ஐந்து பேரை.

ஆக, கணக்கு இப்படி நிற்குது. ஆதிக்க சாதிக்காரனிடம் கூலி வாங்காத தலித், அரசிடமோ பல்கலைக்கழகத்திடமோ சம்பளம் வாங்குகிறான். அவனுக்கு விதி தடை. விதி தடை போடாத தலித், ஊர்த்தெருவிடம் கூலி வாங்குகிறான். அவனுக்கு ஊர் தடை. ஒதுக்கீடு சட்டம் ஒரு நாற்காலியைக் கொடுத்தது. அதில் நிமிர்ந்து உட்காரக்கூடிய ஆளை வேறொரு விதி வளாகத்துக்குள்ளேயே பூட்டி வைத்தது.

இப்ப சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். நம்ம ஆட்கள் பல பேர், பல்கலைக்கழக ஊழியர் என்றாலே எம்.எல்.ஏ., எம்.பி.க்கு நிற்கக் கூடாது, சட்டம் இல்லை என்று நம்பிக்கிட்டு இருக்காங்க. அரசியல் சட்டத்தின் 102ஆவது பிரிவும் 191ஆவது பிரிவும் என்ன சொல்லுது? மத்திய அரசின் கீழோ மாநில அரசின் கீழோ ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் உறுப்பினராக முடியாது. 'அரசின் கீழ்' என்பதுதான் முக்கியம். பல்கலைக்கழகம் தனிச் சட்டத்தால் பிறந்த தனி அமைப்பு. நியமிப்பது யார், நீக்குவது யார், சம்பளம் எந்த நிதியிலிருந்து வருது, வேலையைக் கட்டுப்படுத்துவது யார் என்றெல்லாம் நீதிமன்றங்கள் பார்க்கும். அஜ்மீர் தர்காவின் நிர்வாகக் குழு நடத்திய பள்ளியில் மேலாளராக இருந்த அப்துல் ஷகூர் மாநிலங்களவைக்குத் தேர்வானதை எதிர்த்து வழக்கு போட்டார்கள். அது அரசின் கீழான பதவி அல்ல என்று 1957இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த வழியில்தான் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் கதவு திறந்திருக்கு.

ஆனால் தகுதி வேறு, வேலை விதி வேறு. நீ நிற்கலாம் என்று அரசியல் சட்டம் சொல்லலாம். நின்றால் வேலை போகும் என்று பணிவிதி சொல்லும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 5ஆவது விதி கட்சியில் சேரவும் பிரச்சாரம் செய்யவும் தேர்தலில் நிற்கவும் தடை போடுது. ஓட்டு மட்டும் போடலாம். யாருக்குன்னு வெளியில் சொல்லக்கூடாது. பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி. ஓரிடத்தில் ஆசிரியருக்கு விடுப்பு, ஓரிடத்தில் யாருக்கும் இல்லை. விதி எப்படி இருந்தாலும் நடப்பில் கதவு யாருக்குத் திறந்தது?

முரளி மனோகர் ஜோஷி அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆசிரியர். 1977இல் அல்மோராவிலிருந்து மக்களவைக்குப் போனார். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் மனோஜ் ஜா 2018இல் மாநிலங்களவைக்குப் போனார். அதே பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரி ஆசிரியர் ராகேஷ் சின்ஹா அதே ஆண்டில் நியமன உறுப்பினரானார். கேரளத்தில் உதவிபெறும் கல்லூரியில் பாடம் நடத்திய ஆர். பிந்து 2005இல் திருச்சூர் மேயர், 2021இல் உயர்கல்வி அமைச்சர். வெவ்வேறு கட்சிக்காரர்கள். அவர்கள் போனது தப்புன்னு நான் சொல்லவில்லை. போகட்டும்.

இந்தப் பக்கம் பாருங்க. கன்ஷிராம் புனேயில் வெடிபொருள் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். வேலையை விட்டார். மாயாவதி டெல்லியில் பள்ளி ஆசிரியை. வேலையை விட்டார். தொல். திருமாவளவன் மதுரையில் தடய அறிவியல் துறையில் இருந்தவர். 1999இல் தேர்தலில் நிற்பதற்காக வேலையை விட்டார். அவங்களுக்கு விடுப்பு, நமக்கு ராஜினாமா. ஊழியர்கள் நேரடியாக அரசியலுக்கு வர முடியாது என்பதனால்தான் 1978இல் பாம்செஃப் அமைப்பை, போராட்டத்திலும் அரசியலிலும் இறங்காத ஊழியர் அமைப்பு என்று அறிவித்து கன்ஷிராம் கட்டினார். ஊழியர்களின் பணமும் மூளையும் வரட்டும், ஆள் வெளியிலிருந்து வரட்டும் என்பது அதன் ஏற்பாடு. 1984இல் கட்சி பிறந்தது அதன் மேல்தான். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் அதுவும் பூட்டைத் திறக்கவில்லை, சுவரேறிக் குதித்தது.

பூட்டு எப்பவும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. பாபாசாகேப் அம்பேத்கர் 1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். இரண்டு மாசத்தில், 1919 ஜனவரியில், வாக்குரிமை பற்றி விசாரித்த சவுத்பரோ குழுவின் முன் தீண்டப்படாதாருக்காகச் சாட்சியம் சொன்னார். 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' பத்திரிகை வந்தபோது ஆசிரியர் என்று அச்சானது வேறொருவர் பெயர். அரசுக் கல்லூரிச் சம்பளம் அன்றைக்கும் ஆளை மறைத்துத்தான் நிற்க வைத்தது. 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினர். 1928இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியர். 1935இல் அதே கல்லூரிக்கு முதல்வர். முதல்வராக இருந்தபோதே 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கி, 1937 பிப்ரவரி தேர்தலில் நின்று வென்றார். அந்தச் செப்டம்பரில் கொங்கணத்துக் கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். சட்டக் கல்லூரி முதல்வர் நிலப்பிரபுக்களுக்கு எதிராகச் சட்டமன்றத்தில் எழுந்து நின்றபோது அவர் வயிறு எந்தக் கோத்தி வீட்டுக் களஞ்சியத்தையும் நம்பி இருக்கவில்லை. நம்ம பெரியவர் மாரியம்மன் கோயில் திடலில் சொன்னதும் இதைத்தான்.

நம்ம ஊரில் என். சிவராஜ். சென்னை சட்டக் கல்லூரியில் பாடம் சொன்னவர். 1926 முதல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இருந்தவர். 1942இல் நாகபுரியில் அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானபோது அதன் தலைவர். 1945இல் சென்னை மேயர். கல்விக்கூடத்தில் கிடைத்த இடம் நம் முன்னோருக்கு அரசியலுக்கு நிற்க ஒரு தரையாக இருந்தது. அந்தத் தரை பேராசிரியருக்கு மட்டும் சொந்தம் என்று பிறகு எப்படி ஆச்சு?

இன்னொன்றையும் சொல்லணும். மேலவை என்று ஒன்று இருந்தது. அரசியல் சட்டம் 171ஆவது பிரிவில், பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் பட்டதாரிகளுக்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு. அதுவும் உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் கற்பிக்கிறவர்களுக்கு. தமிழ்நாட்டில் 1986 நவம்பர் 1 வரை அது இருந்தது. 2010இல் திரும்பக் கொண்டுவரச் சட்டம் செய்தார்கள், 2011இல் ஆட்சி மாறியதும் கைவிட்டார்கள். அந்த மேலவையில் நமக்கு இடஒதுக்கீடு கிடையாது. 332ஆவது பிரிவு சட்டப்பேரவைக்கு மட்டும்தான் ஒதுக்குகிறது. ஆசிரியர் தொகுதியில் மணியடிக்கிறவருக்கும் கூட்டுகிறவருக்கும் ஓட்டும் கிடையாது. அறிவுக்குப் பிரதிநிதித்துவம் கொடுத்த சட்டம், அந்த அறிவுக்கூடத்தைத் துடைத்துச் சுத்தமாக வைத்த கைகளை எண்ணவில்லை.

எதிர்த்திசையில் பாருங்க. சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சட்டமன்ற உறுப்பினர்கள் செனட்டுக்கு வர வழி இருக்கு. எம்.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு உள்ளே வந்து நிர்வாகம் பேசலாம். பல்கலைக்கழக அட்டெண்டர் வெளியே போய் ஊராட்சிக்கு நிற்கக் கூடாது. அரசியல் உள்ளே வந்தால் ஜனநாயகம், ஊழியர் வெளியே போனால் ஒழுங்கீனம்.

சிலர் கேட்பாங்க – ஊழியன் நடுநிலையாக இருக்க வேண்டாமா? இருக்கணும். தாசில்தாரும் போலீஸ்காரரும் பதவியில் இருந்துகொண்டே நிற்கக் கூடாது. ஓட்டுப் போடுகிறவன் மீது அவர்களுக்கு அதிகாரம் இருக்கு. சரி. அட்டெண்டருக்கு யார் மீது அதிகாரம்? கழிவறை கழுவுகிற அம்மாவுக்கு எந்த வாக்காளன் பயப்படுவான்? உண்மையில் அதிகாரம் இருப்பது மதிப்பெண் போடுகிற பேராசிரியருக்கு. ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுகிறவருக்கு. தன் மாணவனைப் பிரச்சாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூடியவர் அவர்தான். அவருக்குக் கதவு திறக்குது, அதிகாரமே இல்லாதவருக்குச் சாத்துது. அப்புறம் என்ன நடுநிலை?

இன்னொரு கேள்வி நியாயமானது. ஆசிரியர் எம்.பி. ஆகிப் போய்விட்டால் பாடம் யார் நடத்துவது? வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத நம்ம பிள்ளைகளுக்கு வகுப்புதான் எல்லாம். வகுப்பு போனால் முதலில் விழுகிறவன் நம்ம பிள்ளை. ஆகவே சம்பளத்தோடு விடுப்பு என்று நான் கேட்கவில்லை. சம்பளம் இல்லாத விடுப்பு. அந்த இடத்தில் அந்தக் காலத்துக்கு வேறொருவர். பதவி முடிந்ததும் வேலைக்குத் திரும்பி வர உறுதி. இது பேராசிரியருக்கு மட்டுமல்ல, கடைசி ஊழியர் வரைக்கும். ஊராட்சி, நகராட்சிக்கு நிற்பதாக இருந்தால் பிரச்சார நாட்களுக்கும் விடுப்பு. மாணவர் மீதோ நியமனத்தின் மீதோ அதிகாரம் உள்ளவர் மனு போடும் நாளிலேயே அந்த வேலையிலிருந்து விலகி நிற்க வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன். புரட்சி ஒன்றும் இல்லை.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கு. அப்பா காலத்தில் என்.எம்.ஆர். என்றாலும் பேர் பல்கலைக்கழக மஸ்டர் ரோலில் இருந்தது. இன்றைக்குப் பல வளாகங்களில் கூட்டுகிறவர், காவல் நிற்பவர், தோட்டக்காரர் எல்லாம் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்களை எந்த நடத்தை விதியும் தடுக்காது. ஆனால் நின்றால் மறுநாள் வரவேண்டாம் என்று ஒரு ஃபோன் போதும். திரும்பி வர வேலையே அவர்கள் பேரில் இல்லை. ஆகவே வேலை நிரந்தரம் கேட்கிற சங்கமும் தேர்தல் உரிமை கேட்கிற நாமும் ஒரே கோரிக்கையைத்தான் வைக்கிறோம்.

கடைசியாக என்னைப் பற்றி. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு தனித்தொகுதி வாக்குச்சாவடியில் எனக்கு வேலை. விரலுக்கு மை வைத்தேன். காலையிலிருந்து எத்தனையோ விரல் – களை எடுத்து நகம் கறுத்த விரல், சுண்ணாம்பில் வெந்த விரல். மை காயும் முன்னே ஒரு கிழவி, 'நீ எந்த ஊரு தம்பி, எங்க ஆளாட்டம் இருக்கியே, நீயெல்லாம் நிக்க மாட்டியா' என்றாள். சிரிச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அதற்கு முன்னாடி 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலின்போது எங்க காலனியிலும் கேட்டாங்க. 'பேங்க் ரூல்ஸ் விடாதுண்ணே' என்று சொன்னேன். தோழர்களே, அன்றைக்கு வரை நான் அந்த ரூல்ஸைப் படிச்சதே இல்லை. இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் சொல்ல வெட்கமாக இருக்கு. அன்றைக்கு ராத்திரி அப்பாகிட்ட மெமோவைப் பத்திக் கேட்டேன். ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆச்சு. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னாரு: 'ரூல்ஸு நெஜம்தான்டா. ஆனா நான் வுட்டது பயத்துல. அவன் மெமோ குடுத்தது எனக்கு ஒரு சாக்கா இருந்துச்சு. ஒன் சித்தப்பனுக்குச் சாக்கு கெடைக்கல, அவன் நின்னான்.'

விதி நம்மைக் கட்டியிருக்கு, உண்மை. அந்தக் கட்டை நாம போர்வையாகவும் போர்த்திக்கிட்டிருக்கோம், அதுவும் உண்மை. 1956 மார்ச்சில் ஆக்ராவில் பாபாசாகேப் படித்தவர்களைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசியதை மேடைக்கு மேடை சொல்றோம். அது யாரோ ஐ.ஏ.எஸ். அதிகாரிக்குச் சொன்னதாக நினைச்சுக்கிறோம். கவுண்டர்ல உட்கார்ந்திருக்கிற எனக்கும்தான் அது.

2020க்குப் பிறகு என் கவுண்டருக்கே நம்ம சமூகத்துத் தலைவர் ஒரு அம்மா வருவாங்க. கூட ஒருத்தர் வருவார். செக்கை நீட்டுறது அவர், பேசுறது அவர். அந்தம்மா கையெழுத்தை நான் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். எப்பவும் சரியாக இருக்கும். கையெழுத்து சரியா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். அது யாருடைய விருப்பத்தில் போட்டது என்று பார்க்க அந்தக் கவுண்டரில் இடமில்லை.

ஆகவே ஒன்று செய்யப் போறேன். முதலில் என் பணிவிதியைப் படிக்கிறேன். படிச்சுட்டு, தேர்தலில் நிற்க அனுமதியும் சம்பளமில்லா விடுப்பும் கேட்டு எழுத்தில் மனு கொடுக்கிறேன். மெமோ வந்தா அதை அப்பாவின் பெட்டியில் அவர் மெமோ பக்கத்தில் வைக்கிறேன். இந்த வளாகத்தில் இருக்கிற அட்டெண்டர்கள், எழுத்தர்கள், ஆசிரியர்கள் – நீங்களும் எழுதுங்க. தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீங்க, இந்த மாசமே எழுதுங்க. ஒருத்தர் எழுதினால் மெமோ கொடுப்பாங்க. நூறு பேர் எழுதினால் விதியை எடுத்து மேசைமேல் வைத்துப் படிச்சே ஆகணும்.

மனு எப்படி எழுதுறதுன்னு தெரியாதவங்க கூட்டம் முடிஞ்சதும் வாங்க. எங்கப்பா பின் வரிசையில் உட்கார்ந்திருக்கார். அவர் எழுதித் தருவார்.